மூன்று வருட ஏர் ஷிஃப்டரும் காலையில் இறங்கி நிற்கும் முள்ளும்

"மச்சான், உன் வண்டியில் இருக்கிற ஏர் ஷிஃப்டரை நானும் போட்டுவிடட்டுமா?" என்று நண்பன் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று காலைதான் ஏர் டேங்க் கேஜின் முள் 88-ல் நிற்பதைப் பார்த்து எரிச்சலில் இருந்தேன். முந்தின ராத்திரி 120 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் நிறுத்திவிட்டுப் போன பைக் அது. கோபத்தில் சொல்லும் பதில் நியாயமாக இருக்காது என்று பொறுத்துக்கொண்டு, அந்தக் கசிவுக்கு ஒரு முடிவு கட்டிவிட்டு இப்போது எழுதுகிறேன். பட்டனை அமுக்கினால் காற்று கியரை ஏற்றிவிடும் என்கிற அளவுக்குத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், அதனால் அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கவில்லை.

நான் இதைப் போட்டதற்குக் காரணம் வேகம் கிடையாது. இடது கணுக்கால் உடைந்து பிளேட் வைத்த பிறகு பாதத்தைக் கீழே அழுத்த முடிகிறது, மேலே தூக்கத்தான் முடியவில்லை. முதல் கியர் கீழே, மற்றதெல்லாம் மேலே என்ற வண்டியில் கியரைக் குறைக்க என் கால் போதும், ஏற்றுவதற்குத்தான் ஆள் வேண்டும். நேர்கோட்டில் சீறி ஓடும் டிராக் (drag) ரேஸ்காரர்களுக்காக வந்த இந்தச் சாமான் செய்வதும் அந்த ஒரே வேலையைத்தான். குயிக் ஷிஃப்டர் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அது இன்ஜின் விசையை ஒரு கணம் துண்டிக்கும், அவ்வளவுதான். லிவரைத் தூக்குவது உங்கள் கால்தான். மின்காந்தத்தால் லிவரைத் தள்ளுகிற எலக்ட்ரிக் வகையும் இருக்கிறது. டேங்க், டியூப் என்று எந்தத் தொல்லையும் இல்லை, ஆனால் ஒவ்வொரு கியருக்கும் பேட்டரியிலிருந்து ஒரு பெரிய இழுப்பு இழுக்கும். என் வண்டியில் இருப்பது சின்ன பேட்டரி. அதனால்தான் காற்றுப் பக்கம் வந்தேன்.

வாங்குவதற்கு முன் நான் செய்த ஒரே நல்ல காரியம் கணக்குப் போட்டுப் பார்த்தது. 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்கு 120 பிஎஸ்ஐ கொடுத்தால் கிட்டத்தட்ட 48 கிலோ விசை வருகிறது, கியர் ஏற அது தாராளம். அதே சிலிண்டர் 25 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு தடவைக்கு 14 சிசி காற்று செலவாகும். காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்க்காக அரை லிட்டர் பாட்டில் வைத்தால் முழு அழுத்தத்தில் இருக்கும்போது ஒவ்வொரு கியருக்கும் நாலு பிஎஸ்ஐ வரை இறங்கும், 120-லிருந்து 90-க்கு வர ஒன்பது கியர்தான். டிராக்கில் நேராக ஓடி முடிக்கிறவருக்கு ஒன்பது ஜாஸ்தி. சாலையில் இரண்டு சிக்னல் தாண்டுவதற்குள் ஒன்பது ஏற்றம் ஓடிவிடும். அதனால் சாலை வண்டிக்கு வண்டியிலேயே மாட்டிய கம்ப்ரசர் வேண்டும், பாட்டிலும் இடம் இருக்கிற அளவுக்குப் பெரிதாக இருப்பது நல்லது. கார்பன் டை ஆக்ஸைடு பாட்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே திரவமாக இருப்பதால் ரொம்ப நேரம் வரும், ஆனால் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் தொடவே கூடாது, தீர்ந்தால் நிரப்ப ஆளைத் தேட வேண்டும். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் குழாயையே மூடி டேங்க்காக்குவதும் உண்டு. வண்டியைத் தாங்குகிற பாகத்துக்குள் அழுத்தத்தை அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாட்டுவதில் கஷ்டம் அதிகமில்லை, நிதானம்தான் வேண்டும். சிலிண்டர் ராடு பாதி தூரம் நகர்ந்திருக்கும்போது ராடும் அது தள்ளுகிற ஷிஃப்ட் ஆர்மும் செங்கோணத்தில் இருக்க வேண்டும். கோணம் சாய்ந்தால் விசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய் ராடு முனையைத் தின்றுவிடும். கியர் மாறி முடிந்த பிறகும் சிலிண்டர் தள்ளிக்கொண்டே இருந்தால் கியர் பாக்ஸுக்குள் கியரை நகர்த்தும் ஃபோர்க் வளையும், அதனால் ஒரு ஸ்டாப்பர் கட்டாயம். இதை எல்லாம் கிட்டோடு வந்த ஒற்றைத் தாளில் யாரும் எழுதி வைக்கவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம், ஆனால் இவ்வளவு விசை உள்ள ஒரு பொருளை விற்கிறவர்கள் இந்த இரண்டு வரியையாவது அச்சடித்திருக்க வேண்டாமா?

அந்தத் தாள் சொல்லாத இன்னொன்று, பட்டனை அமுக்கியதும் மின்சாரத்தால் திறந்து காற்றை விடுகிற சோலனாய்டு வால்வு எங்கே உட்கார வேண்டும் என்பது. நான் வயரிங் வசதிக்காக சீட்டுக்கு அடியில் வைத்து, அங்கிருந்து சிலிண்டர் வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் டியூப் ஓட்டினேன். பட்டனை அமுக்கினால், கியர் ஏற வசதியாக இன்ஜின் விசை ஒரு கணம் நிற்கும்படி இக்னிஷன் உடனே வெட்டுகிறது, காற்று மட்டும் டியூபை நிரப்பிவிட்டுத் தாமதமாக வந்து சேர்கிறது. அது வந்து தள்ளும்போது இன்ஜின் மறுபடி விசை கொடுக்கத் தொடங்கியிருக்கும். கியர்களைக் கோத்துப் பிடிக்கும் டாக் பற்கள் ஒன்றோடொன்று உரசுகிற அந்த 'கர்ர்' சத்தத்தை ஒரு வாரம் கேட்டேன். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. வால்வைச் சிலிண்டருக்குப் பக்கத்தில் கொண்டு வந்து டியூபை 15 சென்டிமீட்டராக வெட்டியதும் சத்தம் நின்றது. ஆனால் அந்த இடம் இன்ஜின் தலைக்குப் பக்கம். அந்தச் சூடு பின்னால் என்ன செய்தது என்று அப்புறம் சொல்கிறேன்.

இக்னிஷன் வெட்டும் நேரம் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. 50 மில்லி செகண்டில் ஆரம்பித்தேன். வேகமாகப் போகும்போது பிரமாதம், நகர வேகத்தில் கியர் பாதியில் நின்றது. 90 வைத்தால் நிச்சயமாக ஏறும், ஆனால் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட் ஒவ்வொரு கியருக்கும் என் ஹெல்மெட்டில் வந்து முட்டும். 70-ல் நிறுத்தினேன். குறைவாக வைப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் அரைகுறையாகக் கோக்கும் பற்களின் விளிம்பு மழுங்கிக்கொண்டே போகும், மழுங்கினால் கியர் தானாகக் கழன்று விழும். ஆக்சிலரேட்டரை இலேசாகத் தளர்த்திவிட்டுப் பட்டனைத் தொடுவது என்ற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ரேஸ்காரர்கள் திட்டுவார்கள். என் கியர் பாக்ஸ் நன்றாக இருக்கிறது.

பட்டன் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், ஹாரன் பட்டனை இதற்குக் கொடுக்காதீர்கள். டிராக் வண்டிகளில் அப்படித்தான் செய்வார்கள், அங்கே ஹாரன் அடிக்க ஆளில்லை. நானும் முதல் மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன், ஹாரனை வேறு ஸ்விட்சுக்கு மாற்றிவிட்டு. ஒரு நாள் இன்ஜின் ஓட, நியூட்ரலில், கிளட்சை விட்டு நிற்கிறேன். ஒரு பையன் வண்டியின் முன்னால் பின்பக்கமாகவே நடந்து வந்தான். பழக்க தோஷத்தில் கட்டைவிரல் ஹாரனுக்குப் போனது. நியூட்ரலிலிருந்து மேலே தள்ளினால் இரண்டாவது கியர். வண்டி ஒரு முழம் துள்ளி ஆஃப் ஆனது. பையனுக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கை அகலம் இருந்தது. அன்றே தனி பட்டன், அதைச் சுற்றி ஒரு உயர்ந்த வளையம், தெரியாமல் விரல் படாதபடி. நியூட்ரலில் சோலனாய்டு வேலை செய்யாதபடி ஒரு ரிலேயும் போட்டுப் பார்த்தேன். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் வழியில் நியூட்ரலைத் தாண்ட வேண்டியிருப்பதால், சில நேரம் ரிலே நடுவழியிலேயே காற்றை நிறுத்தி நியூட்ரலில் விட்டுவிட்டது. கழற்றிவிட்டேன்.

இனி கசிவு. இந்த மூன்று வருடத்தில் இதற்காக நான் கழித்த ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணவே பிடிக்கவில்லை.

முதல் கசிவு டியூப் முனைகளில். கட்டிங் பிளையரால் வெட்டியிருந்தேன், முனை நசுங்கிக் கோணலாக இருந்தது. அமுக்கினால் பிடித்துக்கொள்ளும் அந்த ஃபிட்டிங்குகளுக்கு முனை நேராக, வட்டம் கெடாமல் இருந்தால்தான் ஓ-ரிங் உட்காரும். புது பிளேடால் வெட்டியதும் பாதிக் கசிவு போனது. அடுத்தது வால்விலிருந்து விடாமல் வந்த ஒரு மெல்லிய 'ஸ்ஸ்'. பிரித்தபோது உள்ளே அரிசி நுனி அளவுக்கு வெள்ளையாக ஒரு துணுக்கு. நான் மரையில் சுற்றிய டெஃப்லான் டேப்தான், கிழிந்து உள்ளே போய் வால்வு மூடுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு முதல் மரையை விட்டுவிட்டுத்தான் டேப் சுற்றுகிறேன். ஒன்றரை வருடத்தில் இன்ஜின் சூட்டால் அதே வால்வின் ரப்பர் சீல் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போனது. சீலை மாற்றி, அலுமினியத் தகட்டில் ஒரு பிராக்கெட் அடித்து, வால்வை ஸ்விங் ஆர்ம் பிவட் பக்கம் நகர்த்தினேன். டியூப் ஒரு விரல் நீளம் கூடியது, கியரில் வித்தியாசம் தெரியவில்லை.

இதற்கு நடுவில் ஒரு காலை பேட்டரி செத்துக் கிடந்தது. கம்ப்ரசரை நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்தேன். ராத்திரி முழுக்கக் காற்று கசிய, அழுத்தம் 95-க்கு இறங்கும்போதெல்லாம் பிரஷர் ஸ்விட்ச் அதை எழுப்ப, ஆளில்லாத நேரத்தில் ஓடி ஓடிப் பேட்டரியைக் காலி செய்திருக்கிறது. சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வருகிற மாதிரி ரிலே வழியாகக் கொடுங்கள், தனி ஃபியூஸோடு.

இவ்வளவு செய்த பிறகும் காலையில் 88. ஃபிட்டிங் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவினேன், ஒரு குமிழ் வரவில்லை. போன வாரம் கடைசியில் கம்ப்ரசரின் காற்று உள்ளே போகும் வாயில், ஃபில்டரைக் கழற்றிவிட்டு நுரையை வைத்தேன். ஒரு குமிழ். மெதுவாக ஊதி, கண்ணாடிக் கோலி அளவுக்குப் பெருத்து, உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று. செக் வால்வு, காற்றை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய வால்வு! டேங்க் காற்று கம்ப்ரசர் வழியாகவே திரும்பி வெளியே போய்க்கொண்டிருந்தது, நான் எதிர்முனையில் தேடிக்கொண்டிருந்தேன். சுண்டுவிரல் அளவுப் பொருள், பத்து நிமிடத்தில் மாற்றியாயிற்று.

மறுநாள் காலை 113. அப்போதும் மனசு கேட்கவில்லை, மீதி ஏழு எங்கே போனது என்று மறுபடி நுரையை எடுத்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஓட்டிவிட்டு வந்து நிறுத்தும்போது டேங்க் 40 டிகிரி இருக்கும், விடியற்காலையில் 25. 15 டிகிரி குளிர்ந்தால் 120-ல் இருக்கும் காற்று எங்கும் போகாமலே ஆறேழு பிஎஸ்ஐ இறங்கும். அதாவது இத்தனை நாள் முள்ளைப் பார்த்து நான் பட்ட கவலையில் ஒரு பங்கு கசிவே கிடையாது, வெறும் குளிர்ச்சி. ஆகவே நிறுத்தியவுடன் பார்த்த அளவை விடியற்காலை அளவோடு ஒப்பிடாதீர்கள். டேங்க் ஆறிய பிறகு ஒரு தடவை குறித்துக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள்.

வாரம் ஒரு முறை டேங்க் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவேன், துருக் கலரில் கொஞ்சம் வரும். சிலிண்டருக்குள் மாதம் இரண்டு சொட்டு ஏர் டூல் எண்ணெய். வேறு பராமரிப்பு இல்லை.

நண்பனுக்கு என் பதில்: போடாதே. உன் கால் நன்றாக இருக்கிறது, குயிக் ஷிஃப்டர் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இரு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கலாம்.

இதை நேற்று போனில் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். இரண்டிலிருந்து மூன்று, கட்டைவிரல் பட்டனில் படுகிறது, 'டக்', பின்னாலேயே ஒரு சின்ன 'புஸ்', வண்டி இழுப்பு விடாமல் போகிறது, கால் லிவர் பக்கமே போகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இனி கியர் வண்டி ஓட்ட மாட்டேன் என்று நினைத்திருந்த ஆள் நான். என்னிடமிருந்து இதைக் கழற்றச் சொன்னால் வண்டியையே விற்றுவிடுவேன்.

மறுபடியும் நீ கேட்டால், போடாதே என்றுதான் சொல்வேன். கேட்காமல் போட்டுவிட்டாய் என்றால் செக் வால்வு இரண்டாக வாங்கி வை, மாட்ட நான் வருகிறேன்.