செல்போன் கதிர்வீச்சு ஸ்டிக்கர்: மீட்டரில் எண் இறங்குவதைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் போன மாசம் நடந்த 'இலவச ஆரோக்கிய முகாமில்', கதிர்வீச்சைத் தடுக்கும் என்று சொல்லி, செல்போனுக்குப் பின்னால் ஒட்டுகிற தங்க நிற ஸ்டிக்கரை ஒன்று 1,200 ரூபாய் என்று விற்றிருக்கிறார்கள். ஒரே வீட்டில் நாலு வாங்கியிருக்கிறார்கள், 4,800 ரூபாய். பில் இல்லை. 'வாரண்டி கார்டு' என்று ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். அதில் ஜிஎஸ்டி எண்ணும் கிடையாது, விலாசமும் கிடையாது. ஒன்றைக் கத்தரித்துப் பார்த்தால், பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே அலுமினியப் படலம். அவ்வளவுதான்.

வாங்கினவர்கள் விவரம் இல்லாதவர்கள் அல்ல. அவர்களை மடக்கியது கதிர்வீச்சை அளக்கும் ஒரு கைமீட்டர். ஸ்டிக்கர் இல்லாமல் போன் போடச் சொல்கிறார்கள், எண் எகிறுகிறது. ஒட்டியபின் இறங்குகிறது. கண்ணால் பார்த்தபிறகு எப்படி நம்பாமல் இருப்பது?

எண் இறங்கியது நிஜம். இறக்கியது டவர். இணைப்புப் பிடிக்கும் நேரத்தில் போன் வலுவாக அனுப்பும். இணைப்பு கிடைத்தபின் 'இவ்வளவு சக்தி வேண்டாம், குறை' என்று டவர் கட்டளை அனுப்பும். 2ஜி 900 மெகாஹெர்ட்ஸில் போனின் சக்தி 2 வாட்டிலிருந்து சுமார் 3 மில்லிவாட் வரை இறங்கும். தவிர, நீங்கள் பேசாமல் இருந்தால் போன் அனுப்புவதே குறைந்துவிடும். முதல் தடவை "ஹலோ சொல்லுங்க" என்கிற ஆள், இரண்டாம் தடவை விளக்கம் சொல்லிக்கொண்டே உங்களைச் சும்மா நிற்கவைப்பது அதனால்தான். மீட்டரைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தாலே எண் மாறும் என்பது வேறு. ஆப்பிள் பழத்தில் வருகிற ஸ்டிக்கரை ஒட்டினாலும் இதே 'பலன்' கிடைக்கும்.

சோதிக்க வேண்டுமானால் மீட்டரை விற்பவர் கையில் விடாதீர்கள். ஸ்டிக்கரை ஒரு கவரிலும் வெறும் அட்டையை இன்னொரு கவரிலும் போட்டு, எது எதில் என்று அவருக்குச் சொல்லாமல், மாற்றி மாற்றி போனின் பின்னால் வைத்துப் பத்து தடவை புதிதாக அழையுங்கள். ஒவ்வொரு தடவையும் இணைப்புக் கிடைத்து ஒரு நிமிஷம் கழித்து எண்ணைக் குறியுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளும் விற்பனையாளர் கிடைத்தால் ஆச்சரியம்.

'99 சதவீதம் தடுக்கும், சிக்னல் குறையாது' என்று அட்டையில் போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றாக நடக்காது. 99 சதவீதம் தடுத்தால் சிக்னல் 20 டெசிபல் குறையவேண்டும். செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் போய்ப் பாருங்கள். சிக்னல் அளவு (டிபிஎம்) மைனஸ் 85 இருந்த இடத்தில் மைனஸ் 105 காட்டவேண்டும். காட்டாவிட்டால் எதையும் தடுக்கவில்லை. காட்டினால் இன்னும் மோசம்: ஆன்டெனாவை உலோகம் மறைத்திருக்கிறது, அதை ஈடுகட்டப் போன் கூடுதல் சக்தியில் அனுப்பும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசியும் இதே காரணத்தைச் சொல்லித்தான் இந்த மாதிரிக் கவசங்களை எச்சரித்திருக்கிறது.

அதே முகாமில் '5ஜி தடுக்கும்' பதக்கமும் விற்றிருக்கிறார்கள். அதை வாங்கினவர்கள் முதலில் கழுத்திலிருந்து கழற்றுங்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுக்கதிர் பாதுகாப்பு ஆணையம், இந்த ரகப் பொருள்கள் பத்தில் உடலணுக்களைச் சிதைக்கக்கூடிய அயனியாக்கும் கதிர்வீச்சு வருவதாக அறிவித்து, அணியவேண்டாம் என்றது. செல்போன் அலை அந்த வகையே அல்ல. பெரியார் பிறந்த கொங்கு மண்ணில் இது விற்கிறதே என்று வருத்தப்படவும் முடியவில்லை. 2020 அக்டோபரில் மத்திய அரசின் பசு நல அமைப்பான ராஷ்டிரிய காமதேனு ஆயோகின் தலைவரே கதிர்வீச்சைக் குறைக்கும் என்று மாட்டுச்சாண 'சிப்' வெளியிட்டார், விஞ்ஞானிகள் ஆதாரம் கேட்டார்கள்.

டவர் பயம் இருந்தால்: 900 மெகாஹெர்ட்ஸுக்கு இந்திய வரம்பு சதுர மீட்டருக்கு 0.45 வாட். 20 வாட் அனுப்பும் ஆன்டெனா, 50 மடங்கு குவித்தாலும், 100 மீட்டரில் நேர்க்கற்றையில் கிடைப்பது சுமார் 0.008 வாட்தான். அப்படியும் சந்தேகம் என்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளத்தில் கட்டணம் கட்டி உங்கள் வீட்டிலேயே அளக்கச் சொல்லலாம். போனின் சார் (உடல் உறிஞ்சும் அலைச்சக்தி) மதிப்புக்கு *#07# அழுத்துங்கள். வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். சோமனூர், பல்லடம் பக்கத் தகரக் கூரைத் தறிக்குடோன்களுக்குள் சிக்னல் நலிந்து போன் கத்தவேண்டியிருக்கும். வெளியே வந்து பேசுங்கள், இல்லாவிட்டால் வயர் இயர்போன் போடுங்கள். செலவு நூறோ இருநூறோ.

காசு கொடுத்துவிட்டவர்கள் ஸ்டிக்கரைத் தூக்கி எறியாமல், அட்டை, நோட்டீஸ், மண்டபத்தில் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை. பில் இல்லையே என்று விடவேண்டாம். கூகுள் பே-யில் அனுப்பியிருந்தால் பணம் போன கணக்கின் பெயர் அதில் இருக்கும், அதை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.