லேசர் வெட்டு யூனிட்: வாங்கும் முன் கேமராவைக் கவனியுங்கள்

எங்கள் ஆய்வகத்து ஸ்பின்னிங் டிஸ்க் கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்போடு (உயிருள்ள செல்களை வேகமாகப் படம் எடுக்கும் நுண்ணோக்கி) இணைத்து, உயிருள்ள திசுவை வெட்டப் பயன்படுத்தும் 355 நானோமீட்டர் புற ஊதா லேசர் யூனிட் பற்றியது இந்த விமர்சனம்.

நான் பார்ப்பது பழ ஈயின் கரு. வளர்ச்சியின் ஒரு கட்டத்தில் முதுகுப் பக்கத்தை அம்னியோசெரோசா என்ற மெல்லிய திசு மட்டுமே மூடியிருக்கும். இரு பக்கத்துத் தோலும் நகர்ந்து வந்து நடுவில் சேரும். எது இழுக்கிறது, எது இழுபடுகிறது என்பது படம் எடுத்தால் மட்டும் தெரியாது; வெட்டிப் பார்க்க வேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தில் டேனியல் கீஹார்ட் குழு 2000இல் அப்படித்தான், அம்னியோசெரோசாவும் தோலின் விளிம்பில் ஓடும் ஆக்டின் என்ற புரத இழைகளாலான வடமும் இரண்டுமே இழுக்கின்றன என்று காட்டியது.

வெட்டும் வேலையில் இந்த யூனிட் அருமை. திரையில் கோடு போட்டால் அந்த ஒரு செல் விளிம்பு மட்டும் அறுபடுகிறது, பக்கத்துச் செல்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் சக்தியை அமைக்கப் பொறுமை வேண்டும். குறைத்து வைத்தால் ஜிஎஃப்பி (செல் விளிம்பைக் காட்டும் பச்சை ஒளிர் புரதம்) ஒளி மட்டும் மங்கும், வெட்டிய இடத்தின் இரு முனைகளும் விலகாது, கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் திரும்பிவிடும். அது வெட்டே அல்ல. கூட்டினால் குமிழி வெடித்துச் சுற்றிலும் நாசம். சரியான அளவு இடையில் ஒரு சின்ன இடுக்கில்தான் இருக்கிறது, கருவின் ஆழத்தைப் பொறுத்து அதுவும் மாறும். சக்தியை மாற்றும் படிகள் இன்னும் நுணுக்கமாக இருந்திருக்கலாம். லேசர் படும் குறியும் நாளாக நாளாக மெல்ல நகர்கிறது. மார்க்கர் மை பூசிய கண்ணாடியில் ஓட்டை போட்டுச் சரிபார்த்த பிறகே கருவை வைக்கிறேன்.

பெரிய குறை கேமரா. வெட்டியதும் முனைகள் விலகும் தொடக்க வேகம்தான் இழுவிசையைச் சொல்லும். (திசுவின் பிசுபிசுப்பும் அதில் கலந்திருப்பதால் ஒப்பிட்டுத்தான் பேச முடியும்.) அந்த முதல் நொடியில் சாப்ட்வேர் ஷட்டரை மூடி வைத்திருந்தது! லேசரையும் கேமராவையும் நேரடி டிரிகர் கேபிளால் இணைத்த பிறகுதான் நம்பத்தக்க அளவுகள் வந்தன. அதை முதலிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

மேற்பரப்புத் திசுவுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். ஆழத்தில் வெட்டுபவர்களுக்கு மிக மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளி விடும் அகச்சிவப்பு ஃபெம்டோசெகண்ட் லேசர்தான் பொருத்தம். அப்புறம், டெமோவில் உயிருள்ள கருவையே வெட்டச் சொல்லுங்கள். வெட்டுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையே எத்தனை மில்லிசெகண்ட் என்று எழுத்தில் வாங்குங்கள்.