காது மிஷினும் ஆத்தங்குடித் தரையும்: வகுப்பறையில் பல வருடப் பயன்பாடு

செவித்திறன் குறைந்த பிள்ளைகள் செட்டிநாட்டுப் பக்கத்துப் பள்ளிகளில் பெரும்பாலும் போட்டிருப்பது காதுக்குப் பின்னால் மாட்டும் டிஜிட்டல் கருவி. நீண்ட நாள் பயன்பாட்டில் கருவியைப் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. அறைதான் படுத்துகிறது.

செட்டிநாட்டுப் பழைய கட்டடத்தில் நடக்கும் வகுப்பென்றால் தரை ஆத்தங்குடி டைல்ஸ், சுவர் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு, கூரையோ எட்டாத உயரம். சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமில்லை. டீச்சரிடமிருந்து தூரம் இரட்டித்தால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். எதிரொலி அப்படிக் குறையாது. கருவி இரண்டையும் சேர்த்தே பெருக்குவதால், மூன்றாவது பெஞ்சுப் பிள்ளை "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு தெரியல" என்கிறது. வால்யூமைக் கூட்டினால் இரைச்சலும் கூடும், அவ்வளவுதான். தடித்த ஜமுக்காளம், சுவரோரம் கனமான திரை, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை ஆகியவை நிஜமாகவே உதவும். கோரைப்பாய் மெல்லியது, பலன் சொற்பம். பிள்ளையை 2 மீட்டருக்குள், ஃபேன் இரைச்சலைத் தவிர்த்து உட்கார வையுங்கள். டீச்சர் முற்றத்து வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டு, உதட்டசைவு தெரியாமல் போகும்.

வாய்ப்பிருந்தால் டீச்சர் அணியும், குரலை நேரே கருவிக்கு அனுப்பும் வயர்லெஸ் மைக் வாங்குங்கள். இந்த மாதிரி அறைகளில் கருவியை மாற்றுவதைவிட இதுதான் பெரிய வித்தியாசம் தருகிறது. வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்த வேண்டும். தாலிச்சங்கிலியோ முந்தானையோ உரசினால் பிள்ளையின் காதில் கரகரவென்று கேட்கும். ஸ்டாஃப் ரூமுக்குப் போகும்போது மியூட் செய்ய மறந்தால் அங்கே பேசுவதெல்லாம் பிள்ளைக்குப் பாடமாகிவிடும்! மற்ற மாணவர் சொல்லும் பதில் மைக்கில் ஏறாது. டீச்சர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, காலையில் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கேட்டதும் கை தூக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. எல்லாமே மந்தமென்றால் முதலில் பேட்டரி. ஸ், ஷ் மட்டும் விழவில்லையென்றால் கருவியிலிருந்து காதுக்குப் போகும் குழாயில் நீர்த்துளியோ அழுக்கோ இருக்கிறதா என்று பார்க்கலாம். கீச்சென்று விசில் அடித்தால் பெரும்பாலும் மோல்டு (காதின் அளவெடுத்துச் செய்த, காதுக்குள் பொருந்தும் அச்சு) தளர்ந்திருக்கும். பிள்ளை வளர வளரக் காதும் வளரும், அதனால் மோல்டைப் புதிதாக எடுக்க வேண்டும். குழாய் மஞ்சளித்து விறைத்தாலும் மாற்றிவிடுங்கள்.

பேட்டரி 13ஆம் நம்பருக்கு ஆரஞ்சு ஒட்டு, 675க்கு நீலம். இது காற்று பட்டால் வேலை செய்யத் தொடங்கும் பேட்டரி; ஒட்டை உரித்து ஒரு நிமிடமாவது காற்றுபட விட்டுப் போடுங்கள். திரும்ப ஒட்டினாலும் தீர்வது நிற்காது. விழுங்கினால் ஆபத்து, தீர்ந்ததையும் கைக்கெட்டாமல் வையுங்கள்.

வியர்வையும் ஐப்பசி ஈரமும் கருவிக்கு எமன். இரவில் பேட்டரியைக் கழற்றி, கருவியின் பேட்டரி மூடியைத் திறந்தபடி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைக்க வேண்டும். ஜெல்லின் நீல மணிகள் வெளிர்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டதென்று அர்த்தம். அவற்றைச் சமையல் வாணலியில் வறுத்துக் காயவைக்காதீர்கள், புதிதாக மாற்றுங்கள்.