நிறம் மட்டும் பார்த்து வாங்காதீர்கள்: பிரிட்டன் பின்வளவுக்கு ஐந்து விதைக்கிழங்குகள்

ஜனவரி கடைசியில் பிரிட்டன் தோட்டக்கடைகளில் நடுவதற்கான உருளைக்கிழங்கு, அதாவது விதைக்கிழங்குப் பைகள் வந்து இறங்கும். ஊதா, கறுப்பு, கருஞ்சிவப்பு என்று படம் போட்ட பைகள்தான் முதலில் தீர்ந்துபோகும். ஆனால் கறிச்சட்டியில் நிறத்துக்கு மதிப்புக் குறைவு. அவித்தால் பொலபொலவென்று உதிரும் மாவுக் கிழங்கா, வெந்தும் உடையாமல் நிற்கும் கிழங்கா, விளைய எத்தனை வாரம் பிடிக்கும் என்பவற்றைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். சூப்பர்மார்க்கெட் கிழங்கை நடுவதும் வேண்டாம். அதில் வைரஸ் இருக்கலாம், முளைக்காமலிருக்க மருந்தும் போட்டிருக்கலாம். சான்றிதழ் பெற்ற விதைக்கிழங்கு பெரும்பாலும் ஸ்கொட்லாந்திலிருந்து வருகிறது. அங்குள்ள குளிரிலும் காற்றிலும் வைரஸைப் பரப்பும் அசுவினி குறைவு.

ஐந்தில் முதலிடம் பிங்க் ஃபர் ஆப்பிளுக்கு. 1850 முதல் பிரிட்டனில் இருக்கும் பழைய இரகம். இஞ்சிக்கிழங்கு போல நீண்டு, முண்டும் முடிச்சுமாக, இளஞ்சிவப்புத் தோலோடு இருக்கும். உள்ளே வெளிர்மஞ்சள். தோல் சீவ உட்கார்ந்தால் பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும். மண் போகத் தேய்த்துக் கழுவி, தோலோடு 15 முதல் 20 நிமிடம் அவித்தால் போதும். பிரட்டலுக்கு இதைவிட நல்ல கிழங்கு கிடையாது. மிளகாய்த்தூள் போட்டு எவ்வளவு கிளறினாலும் துண்டு துண்டாகவே நிற்கும், மசாலா தோலில் பிடிக்கும். பருப்புவகை போல ஒரு மெல்லிய கொட்டைச் சுவையும் உண்டு. முண்டுகளின் இடுக்கில் மண் நிற்கும் என்பதால் பழைய பல்துலக்கும் தூரிகை ஒன்றைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

இதன் பெரிய குறை காலம். ஏப்ரல் நடுவில் நட்டால் செப்டம்பர் நடுவரை, ஏறக்குறைய 22 வாரம் மண்ணில் இருக்கவேண்டும். இலைக்கருகல் நோய் பிரிட்டனில் கடுமையாக அடிக்கும் ஜூலையும் ஆகஸ்டும் அதற்குள் வந்துவிடும். இந்த இரகத்தின் இலைக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. வீட்டுத் தோட்டக்காரருக்கு அடிக்க மருந்தும் இல்லை. ஆகவே வானிலையைக் கவனிக்கவேண்டும். 2017 முதல் பயன்பாட்டில் உள்ள ஹட்டன் அளவுகோல் இதற்கு உதவும்: தொடர்ந்து இரண்டு நாள் வெப்பநிலை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்காமல், ஒவ்வொரு நாளும் குறைந்தது 6 மணிநேரம் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நோய் வரும் வாய்ப்பு அதிகம். அந்த நாட்களுக்குப் பிறகு காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே பழுப்புத் திட்டும், அதன் ஓரத்தில் அடிப்பக்கமாக வெண்பூஞ்சையும் தெரிந்தால் தயங்கவேண்டாம். அன்றே தண்டுகளை மண்மட்டத்தில் வெட்டி அகற்றுங்கள். கிழங்கை உடனே கிண்டக்கூடாது. மண்மேல் விழுந்த வித்துகள் சாகவும் தோல் முற்றவும் இரண்டு மூன்று வாரம் விடவேண்டும். அவசரப்பட்டுக் கிண்டினால் சாக்கில் போட்ட கிழங்கு முழுவதும் அழுகிவிடும்.

சாலட் புளூ, பெயரைக் கேட்டு ஏமாறக்கூடிய கிழங்கு. சாலட்டுக்கு ஆகாது. மாவுக் கிழங்கு, அவித்தால் வெடித்துக் கரையும். ஆனால் வெட்டினால் உள்ளே முழுவதும் ஊதா, வெந்த பிறகும் அந்த நிறம் பெருமளவு நிற்கும். சிப்ஸுக்கும் மசியலுக்கும் மிக நல்லது. ஷெட்லண்ட் பிளாக்குக்குக் கறுப்புத் தோல், பால்நிறச் சதை, நடுவே மெல்லிய ஊதா வளையம். பச்சையாக வெட்டும்போது அந்த வளையத்தின் அழகே தனி, வேகும்போது மங்கிவிடும். விளைச்சலும் குறைவு. இடம் குறைந்தவர்கள் இதை விட்டுவிடலாம். ஹைலண்ட் பர்கண்டி ரெட் உள்ளே சிவப்பு, தோலை ஒட்டி வெள்ளை வளையம். இதுவும் மாவுக் கிழங்கு. பொரித்தால் நிறம் நன்றாக நிற்கும்.

இந்த நிறக்கிழங்குகளைத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் சாயம் இறங்கும். தோலோடு ஆவியில் அவிப்பதே சரி. இந்த ஊதாச்சாயத்தைப் புளிப்பு சிவப்புப் பக்கம் இழுக்கும், காரத்தன்மை நீலப்பச்சைப் பக்கம் தள்ளும். அதனால் தேசிக்காய்ச்சாறு விட்டால் நிறம் பளிச்சென்று எழும். சமையல் சோடாவோ லண்டனின் கடினமான குழாய்த்தண்ணீரோ அதை மந்தமாக்கும். தேங்காய்ப்பால் விட்டு வைக்கும் வெள்ளைக்கறிக்கு ஊதாக் கிழங்கைப் போடவேண்டாம். பால் சாம்பல்நிறமாகும், சுவை கெடாவிட்டாலும் பார்க்க நன்றாயிராது.

நடும் முறை ஐந்துக்கும் ஒன்றே. பிப்ரவரியில் முட்டை அட்டையில், கண்கள் அதிகமுள்ள முனை மேலே இருக்க அடுக்கி, வெளிச்சமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில், 10 பாகை அளவில் வையுங்கள். முளை 2 முதல் 3 சென்டிமீட்டரில் கட்டையாக, கருமையாக நிற்கவேண்டும். வெள்ளையாக நீண்டிருந்தால் இடம் இருட்டாகவோ சூடாகவோ இருக்கிறது என்று பொருள். அந்த முளை நடும்போதே ஒடியும். 40 லீட்டர் வளர்பைக்கு இரண்டு கிழங்கு போதும், மூன்று வைத்தால் எல்லாம் சிறுத்துப்போகும். 10 சென்டிமீட்டர் கம்போஸ்ட் போட்டு, கிழங்கை வைத்து, மேலே இன்னும் 10 போடுங்கள். செடி 20 சென்டிமீட்டர் உயர்ந்ததும் நுனி மட்டும் தெரிய மண் அணைத்து, பை நிறையும்வரை அப்படியே தொடருங்கள். சுண்ணாம்பு சேர்த்தால் தோலில் சொறி வரும். மே மாத உறைபனி இரவுகளில் ஃபிளீஸ் துணி மூடவேண்டும். அரும்பு கட்டும் காலத்திலிருந்து தண்ணீர் ஒழுங்காகப் போகவேண்டும். ஒரு வாரம் காயவிட்டுப் பிறகு குளிக்கக் குளிக்க ஊற்றினால் கிழங்கு வெடிக்கும், சிலவற்றின் நடுவே பொந்து விழும்.

ஐந்தாவது சார்போ மீரா. ஹங்கேரியின் சார்வாரி குடும்பத்தார் உருவாக்கிய வழியில் வந்தது. சிவப்புத் தோல், சாதாரண வெள்ளைச் சதை, படத்தில் போட எதுவும் இல்லை. ஆனால் பக்கத்து வளவெல்லாம் கருகி நிற்கும் ஆகஸ்டிலும் பச்சையாக நிற்கும். பல மாதம் முளைவிடாமல் சேமிக்கலாம். நனைந்த கோடை உள்ள மேற்குப் பகுதிகளில் இருப்போர், பிங்க் ஃபர் ஆப்பிளோடு இதையும் ஒரு பை வைத்துக்கொள்வது நல்லது. ஐந்து இரகமும் கலந்து விற்கும் பொதிகளை வாங்கவேண்டாம் என்பதே நேர்மையான அறிவுரை. விளையும் காலம் வெவ்வேறு, நனைந்தால் பெயர்ச்சீட்டு அழிந்துவிடும், எதை எப்போது கிண்டுவது என்றே தெரியாமல் போகும்.

கிண்டும்போது கறுப்பு, ஊதாக் கிழங்குகள் கருமண்ணில் கண்ணுக்குத் தெரியாது. பையை நேராகத் தார்ப்பாயில் கொட்டிக் கையால் துழாவுங்கள். விடுபட்ட கிழங்கு அடுத்த வசந்தத்தில் தானாக முளைத்து, கருகல் நோயைக் குளிர்காலம் தாண்டிக் கொண்டுவரும். வெயில் பட்ட கிழங்கு பச்சை ஏறி நச்சாவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கருந்தோலில் அந்தப் பச்சை தெரியாது. ஆகவே தோண்டிய அன்றே நிழலில் உலர்த்தி, சணல் சாக்கில் இருட்டில் வையுங்கள். சந்தேகமிருந்தால் நகத்தால் தோலைக் கீறிப் பாருங்கள். கீழே பச்சை தெரிந்தால், அல்லது வெந்தது கசந்தால், கொட்டிவிடுங்கள். அவித்தாலும் அந்த நச்சு போகாது.