தோள் பிடிப்புக்குப் போன இடத்தில்

நியூஜெர்சியிலிருந்து வந்து இறங்கிய இடத்திலேயே பெட்டியை இழுத்ததில் தோள் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் தாங்க முடியாமல் திருநெல்வேலியில் எங்கள் தெருமுனை பிசியோதெரபிக்குப் போனேன். மற்ற இருபது நாளும் நன்றாகத்தான் போயிற்று, அதை விடுங்கள்.

கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டுப் பையன் டயாதெர்மி மெஷினை, அதாவது அலை பாய்ச்சி உடம்புக்குள்ளே சூடேற்றுகிற மெஷினை, உருட்டிக்கொண்டு வந்தான்.

"பேஸ்மேக்கர் உண்டா அண்ணாச்சி?"

"நெஞ்சுல பேட்டரி இருக்கு தம்பி, ஆனா அது மூளைக்கு."

"ஹார்ட்டுக்கு இல்லைல்லா, அப்போ சரி" என்று சுவிட்சில் கை வைத்துவிட்டான். துள்ளி எழுந்தேன்.

எனக்கு வலிப்பு. இரண்டு மருந்து ஒழுங்காகக் கொடுத்தும் கேட்கவில்லை என்றாலே மருந்துக்கு அடங்காத வலிப்பு என்பார்கள், நான் நாலு பார்த்தவன். அமெரிக்காவில் வலிப்புக்கு 2018-ல் அனுமதி கிடைத்த டி.பி.எஸ்.ஸை, மூளையின் ஆழத்தில் லேசாக மின்சாரம் கொடுக்கிற கருவியை, 2021-ல் வைத்துக்கொண்டேன். மூளையின் நடுவில் இருக்கிற தலாமஸ் என்ற பகுதியின் முன்பக்கம் இரண்டு புறமும் மெல்லிய கம்பி, கழுத்துத் தோலுக்கடியில் வயர், காறை எலும்புக்குக் கீழே பேட்டரி. ஒரு நிமிடம் வேலை செய்யும், ஐந்து நிமிடம் சும்மா இருக்கும். முழுசாக நிற்கவில்லை, மாதம் எட்டு வந்தது இரண்டாகியிருக்கிறது, அதற்கே மூன்று வருடம் பிடித்தது. இதில் டயாதெர்மி வைத்தால், பேட்டரியை அணைத்திருந்தாலும்கூட, அந்தச் சக்தி கம்பி வழியே போய் நுனியில் இருக்கிற மூளைத் திசுவைச் சுட்டுவிடும். தோளுக்கு வைத்தாலும் அதே கதைதான்.

பர்ஸிலிருந்து இந்தக் கருவி இருப்பதைச் சொல்கிற கார்டை எடுத்து நீட்டினேன். பையன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு "இங்கிலீஷ்ல இருக்கு" என்றான். வந்த கோபத்துக்கு அளவில்லை. அங்கே என்றால் ஆறு பக்கம் படிவம், உடம்புக்குள் மின்கருவி உண்டா என்று தனிக் கேள்வி. சரி, இதே தோளுக்கு மூன்று வாரம் காத்துக் கிடந்திருப்பேன் என்பதும் உண்மை.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்தார். கார்டை ஒரே மூச்சில் படித்தார், பக்கத்துக் கட்டிலில் ஓடிக்கொண்டிருந்த மெஷினையும் நிறுத்தச் சொன்னார், பையனை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அரை மணி நேரம் கையாலேயே நீவி, சூடாக ஒத்தடம் கொடுத்தார். முந்நூறு ரூபாய். நியூஜெர்சியில் அந்தக் காசுக்கு வாசலில் வண்டி நிறுத்தக்கூட விடமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பெரியம்மா பதறிப்போய்ப் பழைய பழக்கத்தில் சாவிக்கொத்தை என் கையில் திணித்தாள். "உள்ளேயே கம்பி இருக்கு பெரியம்மா" என்றேன். "இருக்கட்டும்ல, இதையும் பிடி" என்றாள்.