ஆம்போடெரிசின் வாங்குகிறவர்கள் லேபிளைச் சுரண்டிப் பாருங்கள்

செல் கல்ச்சர் செய்கிற ஸ்காலர்களும் டெக்னீஷியன்களும் இதைப் படித்தவுடன் ஃப்ரீஸரைத் திறந்து, பூஞ்சையைக் கொல்லப் போடுகிற உங்கள் ஆம்போடெரிசின் பாட்டிலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எனக்கு மூன்று மாத வேலை போய்விட்டது.

பிடுங்கிய ஞானப்பல்லின் உள்ளே இருக்கும் கூழிலிருந்து செல் வளர்ப்பது என் வேலை. நோயாளியிடம் கையெழுத்து வாங்கி, பல்லை மீடியத்தில் (செல்லுக்கு உணவான திரவம்) போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். வாயிலிருந்து வருவதால் கேண்டிடா என்ற பூஞ்சையும் கூடவே வந்துவிடும். பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் பாக்டீரியாவை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். பூஞ்சைக்கு ஆம்போடெரிசின் பி. 2021-இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது ஊரே தேடி அலைந்ததே, அதே மருந்துதான். பூஞ்சையின் சவ்வில் உள்ள எர்கோஸ்டெராலைப் பிடித்து ஓட்டை போடும். நம் செல்லில் இருப்பது கொலஸ்டிரால் என்பதால் அளவோடு போட்டால் பிழைக்கும். கூடினால் அதுவும் சாகும். மில்லிக்கு 250 மைக்ரோகிராம் இருக்கிற ஸ்டாக் கரைசலில் 5 மில்லியை 500 மில்லி மீடியத்தில் கலப்போம். வேலை செய்யவில்லையே என்று இன்னும் நாலு மடங்கு ஊற்றிப் பார்க்கிற மருந்து இல்லை.

வாங்கியது மார்ச்சில். புராஜெக்ட் பணத்தை 31-க்குள் செலவழிக்க வேண்டும். மூன்று கொட்டேஷன் வாங்கினோம். புதிதாக வந்த டீலர் மற்றவர்கள் கேட்டதில் கிட்டத்தட்ட பாதி விலைதான் போட்டிருந்தார். சந்தேகம் வந்தது, உண்மை. ஆனால் குறைந்த விலைக்காரரை விட்டுவிட்டு வேறு ஒருவரிடம் வாங்கினால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது?

சனிக்கிழமை மாலை பெட்டி வந்தது. தெர்மகோலைத் திறந்தால் ஐஸ் பேக் வெறும் தண்ணீர்ப் பையாகக் கிடக்கிறது. வெளிச்சம் பட்டால் கெடுகிற மருந்துக்கு ஒரு ஃபாயில் கூடச் சுற்றவில்லை. கொண்டுவந்தவரைக் கேட்டேன். “வழியில லேட் ஆயிடுச்சு மேடம், ஒண்ணும் ஆகாது, ஃப்ரிட்ஜ்ல வெச்சிருங்க” என்றார். ஃப்ரிட்ஜ் இல்லை, மைனஸ் இருபது. அதையும் நானே சொல்லிவிட்டு, பில்லின் பின்னால் சரக்கு வந்துசேர்ந்ததாக ஸ்டாக் என்ட்ரி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். நான் செய்த பெரிய தப்பு அந்தக் கையெழுத்து. பணம் பத்தே நாளில் போய்விட்டது.

முதல் பல் மூன்றாம் நாள் போயிற்று. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்களுக்கு நடுவே மணி கோத்த மாதிரி, ஒன்றிலிருந்து ஒன்று மொட்டு விட்டுக்கொண்டிருக்கிறது. இன்குபேட்டரைத் துடைத்தேன், தண்ணீர்த் தட்டை மாற்றினேன். இரண்டாவதும் போயிற்று. ஏழாவது பல்லும் போனபோது கைடு, “ஹுட்ல நீ கை வைக்கிறதே சரியில்லம்மா” என்றார். டீலருக்கு போன் செய்தால் அவரும் அதே பாட்டு: “உங்க ஹேண்ட்லிங் பிராப்ளமா இருக்கும் மேடம். இதே லாட்டு நிறைய லேபுக்குக் குடுத்திருக்கோம்.” நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன்.

பக்கத்து மைக்ரோபயாலஜி லேபில் இருக்கிற அக்காதான் சொன்னார்: “முதல்ல மருந்த டெஸ்ட் பண்ணு.” பூஞ்சை வளர்க்கிற சபூரோ அகார் தட்டில் என் பல் சாம்பிளிலிருந்து வந்த கேண்டிடாவையே தேய்த்து, இரண்டு குழி போட்டு, ஒன்றில் புது மருந்தும் மற்றதில் சீனியர் வைத்துவிட்டுப் போன பழைய மீதியும் விட்டோம். ஆம்போடெரிசின் அகாரில் அவ்வளவாகப் பரவாது. குழியைச் சுற்றிப் பூஞ்சை வளராத வட்டம் சிறிதாகத்தான் வரும். மறுநாள் பழையதைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம். புதியதன் குழி விளிம்பு வரைக்கும் வெண்ணெய் பூசின மாதிரி கேண்டிடா. ஆக, பூஞ்சை மருந்துக்கு அடங்காத ரகமும் இல்லை, என் கையிலும் கோளாறு இல்லை.

அன்று மாலை பாட்டிலை 70 சதவீத எத்தனால் நனைத்த டிஷ்யூவால் அழுத்தித் துடைத்தேன். லேபிளின் ஓரம் கிளம்பியது. நகத்தால் உரித்தால் அடியில் இன்னொரு லேபிள்! அதே கம்பெனி பெயர், வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) நம்பர், காலாவதியாகி இரண்டு வருடம் ஆன தேதி. மேல் லேபிளின் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு லாட்டே இல்லை. டீலர் கொடுத்த அனாலிசிஸ் சான்றிதழில் மட்டும் அந்த நம்பர் அழகாக அச்சாகியிருக்கிறது.

தேதி தாண்டியிருந்தாலும் உறைநிலையிலேயே இருந்திருந்தால் கொஞ்சமாவது வேலை செய்திருக்கும். இது எந்தக் கோடவுனில் எத்தனை நாள் வெயில் காய்ந்ததோ.

இனி வாங்குகிறவர்கள் பெட்டியைக் கொண்டுவந்தவர் முன்னாலேயே திறந்து போட்டோ எடுங்கள். பில்லில் லாட் நம்பர் இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். சான்றிதழை டீலரிடம் கேட்காமல் தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து நீங்களே இறக்குங்கள். தட்டில் ஒரு குழி போட்டுப் பார்க்காமல் ஸ்டாக் என்ட்ரி போடவே போடாதீர்கள். ஒரு ராத்திரி வேலைதான். மார்ச் என்றால் இன்னும் கவனம், தேங்கின சரக்கெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

இரண்டு லேபிளையும் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கும் எங்கள் கொள்முதல் பிரிவுக்கும் அனுப்பியிருக்கிறேன். டீலர் நேற்று தானாகவே போன் செய்தார். வேறு பாட்டில் இலவசமாகத் தருகிறாராம், “புகார் மட்டும் வேணாம் மேடம்.” வேண்டாம் என்றுவிட்டேன். அவர் முதலில் தந்த பாட்டில் ஃபாயில் சுற்றி மைனஸ் இருபதில் இருக்கிறது, பாதி உரித்த லேபிளோடு. வியாழக்கிழமை அடுத்த பல் வருகிறது. அதற்குச் சீனியர் வைத்துவிட்டுப் போனதில் 5 மில்லி மிச்சம் இருக்கிறது.