வங்கி பயத்தைக் காட்டியே ஆறு லட்சத்தைச் சுருட்டினார்கள்: டெல்டா மக்களே, எச்சரிக்கை!

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் யாராவது உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து "பேங்கை நம்பாதீங்க" என்று பேச்சை ஆரம்பித்தால், தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்டிய ஒரு நிதி நிறுவனம் (உறுப்பினர்களிடமே டெபாசிட் வாங்கி அவர்களுக்கே கடன் கொடுக்கும் 'நிதி' (Nidhi) வகைக் கம்பெனி) எங்கள் வீட்டுப் பணம் ஆறு லட்சம் ரூபாயை விழுங்கிவிட்டது. ஷட்டர் இறங்கியாயிற்று. பெயரை இங்கே போடவில்லை. இதே ஆட்கள் நாளை வேறு பெயரில் வருவார்கள். பெயரை விட அவர்கள் ஏமாற்றும் விதம்தான் எல்லோருக்கும் தெரியவேண்டும்.

அவர்கள் சொன்ன சம்பவங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் வயிறு எரிகிறது. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்றார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி நிறுத்தியது. சம்பாவுக்கு உரம் போட வேண்டிய நேரம், களையெடுப்புக் கூலி கொடுக்க வேண்டிய நேரம். சொசைட்டியை நம்பி இருந்தவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். 2020 மார்ச்சில் யெஸ் வங்கியில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். அதே வருஷம் நவம்பர் 17-ல், கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 25,000 என்று வரம்பு வைத்தார்கள். "கவர்ன்மெண்டே கைவிட்டுடுச்சு, பேங்கே கதவைச் சாத்துது, இதுல உங்க காசு மட்டும் எப்படி மாமா பத்திரமா இருக்கும்?" இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் ஊர் ஊராக வசூல் செய்தார்கள்.

மீதிக் கதையை மட்டும் வாயே திறக்கவில்லை. லட்சுமி விலாஸ் வங்கி பத்தே நாளில் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களின் பணம் அப்படியே இருந்தது. பங்கு வாங்கியவர்களுக்குத்தான் முழு நஷ்டம். யெஸ் வங்கிக்கும் அதே மார்ச்சிலேயே தடை நீங்கியது. 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நிதி நிறுவனத்தில் போடும் பணத்துக்கு அந்தக் காப்பீடு ஒரு ரூபாய்க்குக்கூடக் கிடையாது. இதை எந்த ஏஜெண்டும் சொல்லமாட்டான்.

வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் என்பதால்தான் அவரைப் பிடித்து ஏஜெண்டாகப் போட்டிருக்கிறார்கள். குறுவை நெல் போட்ட பணம் கொள்முதல் நிலையத்திலிருந்து கணக்கில் ஏறிய கையோடு வந்தார். பழைய சரித்திரம் எல்லாம் சொன்னார். 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து ஊர்ப்பட்ட குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன, அதற்குப் பிறகுதான் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது, அதை முன்நின்று தொடங்கிய வி. கிருஷ்ணசாமி ஐயர் நம் திருவிடைமருதூர்க்காரர், "அதேமாதிரிதான் நம்ம நிதியும், நம்ம ஆளுங்க நம்ம பணம்" என்றார். கேட்பதற்கு உண்மைபோலவே இருந்தது. யோசித்துப் பாருங்கள், அந்த ஆர்பத்நாட்டும் பெரிய மனிதர்கள் பெயரைக் காட்டிப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கிய தனியார் கம்பெனிதானே? இவர்கள் நடத்தியது அதைத்தான்.

கொடுத்த காகிதத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். ஜரிகைக் கரை அச்சடித்த கெட்டி அட்டையில் 'நிரந்தர வைப்புப் பத்திரம், ரூ. 6,00,000, மாதம் 2 சதவீதம்' என்று பெரிய எழுத்து. அதற்குப் பின்னால் பின் அடித்த சின்னக் கம்ப்யூட்டர் ரசீதில் 'வணிக முன்பணம்' என்று இருக்கிறது. மேலே நிறுவனத்தின் பெயர், ஆனால் கடைசியில் ஒரு வார்த்தை கூடுதல். அந்தக் கூடுதல் வார்த்தையால் அது வேறு ஒரு தனிநபர் ஃபார்ம். பணத்தையும் அதன் கணக்குக்குத்தான் அனுப்பச் சொன்னார்கள். "மெயின் கணக்குல இன்னைக்கு லிமிட் தாண்டிடுச்சு" என்று காரணம். இப்போது ஆறு லட்சத்தைக் கேட்டால், "எங்க நிதியில நீங்க டெபாசிட்டே பண்ணலையே" என்கிறார்கள்.

சுவரில் வரிசையாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது கம்பெனிப் பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி., உத்யம் (சிறுதொழில் பதிவு), ஐ.எஸ்.ஓ. தரச்சான்று. இவற்றில் ஒன்றுகூடப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி தருவதில்லை. 'அரசு பதிவு பெற்றது' என்ற வரிக்கு அர்த்தம், கம்பெனி பதிவாகியிருக்கிறது என்பது மட்டும்தான். பதிவுச் சான்றில் 21 எழுத்து கொண்ட சி.ஐ.என். (கம்பெனி அடையாள எண்) இருக்கும். அதில் 9 முதல் 12 வரை உள்ள நான்கு இலக்கம் கம்பெனி பதிவான வருஷம். 'கால் நூற்றாண்டுப் பாரம்பரியம்' என்று போர்டில் எழுதியிருந்தவர்களின் எண்ணில் இருந்தது 2019.

இந்த 'நிதி' வகை நிறுவனத்துக்கு 2014-ம் வருஷ விதிகள் இருக்கின்றன. உறுப்பினரிடம் மட்டும்தான் வாங்கலாம், கொடுக்கலாம். டெபாசிட் கேட்டு விளம்பரம் செய்யக்கூடாது. டெபாசிட் பிடித்துத் தருபவருக்குக் கமிஷன் கொடுக்கவே கூடாது. அப்படியென்றால் ஏஜெண்ட் வாசலுக்கு வந்தபோதே விதி மீறப்பட்டுவிட்டது. சீட்டு நடத்தக்கூடாது. வட்டி ஆண்டுக்கு 12.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சொந்த நிதியைப் போல 20 மடங்குக்கு மேல் டெபாசிட் சேர்க்கக்கூடாது. டெபாசிட்டில் 10 சதவீதத்தை வங்கியிலோ அஞ்சலகத்திலோ தனியாகப் போட்டுவைக்கவேண்டும். தொடர்ந்து மூன்று வருஷம் லாபம் காட்டினால்தான் கிளையே திறக்கலாம். இவர்கள் முதல் வருஷத்திலேயே கடைத்தெருவுக்குக் கடைத்தெரு கிளை திறந்து, ரிப்பன் வெட்டப் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு, அந்தப் போட்டோவையே நோட்டீஸில் போட்டார்கள்.

மாதம் 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 24. ஆறு லட்சத்துக்கு மாதம் 12,000. அதே ஆறு லட்சத்தை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 7.4 சதவீதத்தில் போட்டால் 3,700 தான் வரும். அந்த வித்தியாசத்தை யார் தருவது? 24 கொடுக்கவேண்டுமானால் 30-க்கும் மேல் வட்டிக்குக் கடன் விட்டு, அதில் ஒன்றுகூட வாராக்கடன் ஆகாமல் வசூலிக்கவேண்டும். நெல் விலையை நம்பி வாழும் ஊரில் அது நடக்காது. முதல் சில மாதம் டாண் என்று வந்த 12,000, போட்டவர்களின் சொந்த அசல்தான். அது ஒழுங்காக வந்ததைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்தில் மற்றவர்களும் நகையை வைத்துக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

பிறகு ஆரம்பித்தது இழுத்தடிப்பு. "ஆடிட்டிங் நடக்குது." "சர்வர் மாத்துறோம்." "எம்.டி. சென்னை போயிருக்கார், திங்கக்கிழமை வாங்கண்ணே." சத்தம் போட்டால் இனி வரப்போகும் ஒரு தேதியைப் போட்டு செக் தருவார்கள். அந்தத் தேதி நெருங்கும்போது போன் வரும்: "இந்த மாசம் போடாதீங்க, ரிட்டன் ஆயிடும், அடுத்த மாசம் போடுங்க." கெஞ்சுவதுபோல இருக்கும், ஆனால் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். செக் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். ரிட்டன் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போகவேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் செக் ரிட்டனுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின் கீழ் வழக்குப் போடவேண்டும். அவர்கள் சொல்லும் 'அடுத்த மாசம்' எல்லாம் இந்தக் கெடுவைத் தாண்டவைக்கத்தான்.

கடைசியாக "போலீஸுக்குப் போனா கணக்கை முடக்கிடுவாங்க, யாருக்கும் பத்துப் பைசா வராது" என்று மிரட்டல். போனால் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்கிறார்கள். ரிசர்வ் வங்கியில், நிதி நிறுவனம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் கீழ் வருகிறது என்று பதில். அங்கே எழுதினால், மோசடி என்றால் போலீஸில் கொடுங்கள் என்று பதில். ஆறு லட்சம் பறிகொடுத்தவனை இப்படிச் சுற்றவிட்டால் ஜனங்களுக்கு அரசாங்கத்தின் மேல் எப்படி நம்பிக்கை வரும்? இந்த வெறுப்பை வைத்துத்தானே அடுத்த திருடன் பிழைக்கிறான்! 'சிவில் மேட்டர்' என்பது தவறு. தமிழ்நாட்டில் 1997-ம் வருஷ முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதில் சொத்தை முடக்கலாம், ஜெயிலுக்கும் அனுப்பலாம். பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கவேண்டும்.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இதை மட்டும் பாருங்கள்.

பணம் போகும் கணக்கின் பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும்.

ரிசர்வ் வங்கியின் 'சசெத்' தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள், புகாரும் அங்கேயே போடலாம்.

வங்கியிலும் ஒரே இடத்தில் 5 லட்சத்துக்கு மேல் வைக்காமல் பிரித்துப் போடுங்கள். ஊர் சொசைட்டி டெபாசிட்டுக்கு அந்தக் காப்பீடு பொருந்தாது, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்குப் பொருந்தும்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், 'புதுப்பித்துத் தருகிறோம்' என்று கேட்டால் ஒரிஜினல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். பத்திரம், ரசீது, பாஸ்புக் வரவு செலவு, வாட்ஸ்ஆப் பேச்சு எல்லாவற்றையும் இன்றைக்கே நகல் எடுத்துவிட்டு, வந்த வட்டியையும் மறைக்காமல் எழுதிப் புகார் கொடுங்கள். எங்கள் ஆறு லட்சத்துக்கும் அப்படித்தான் கொடுத்திருக்கிறோம்.